கடல் கடந்து படித்தவர்கள்: கட்டைபறிச்சானில் ஒரு நாள்

திருகோணமலைக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் கொட்டியாரக் குடாவின் மறுகரை ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் மூதூர், அதற்குக் கிழக்கே கட்டைபறிச்சான், சேனையூர், கடற்கரைச்சேனை, சம்பூர் என்று ஊர்கள் ஒன்றுடன் ஒன்று கைகோத்துக் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். ஆனாலும் இங்கிருந்து ஒரு பிள்ளை நகரத்துக்குப் படிக்கப் போவதென்பது நெடுங்காலமாக ஒரு கடற்பயணமாகவே இருந்தது. மூதூர் இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தரைவழியே கிண்ணியாப் பக்கம் சுற்றி, ஆறுக்கு ஆறு 'பாதை'யில் ஏறி இறங்க வேண்டும். பாதை என்றால் வண்டியையும் ஆளையும் ஏற்றி இழுக்கும் மிதவை என்பது எங்கள் பக்கத்து வாசகியருக்குத் தெரியும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதன்பின் மற்றைய பாலங்களும் வந்து சேர்ந்தன. இன்று பஸ்ஸில் ஏறினால் இடையில் இறங்காமலே மூதூருக்கு வந்துவிடலாம்.

பாலம் வந்ததால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். படிப்பதற்காகத் தண்ணீரைக் கடப்பது என்பது எங்கள் மாவட்டத்தில் வெறும் பேச்சு அல்ல.

நான் இம்முறை கட்டைபறிச்சானுக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. அண்மைக் காலமாக எங்கள் கூட்டங்களுக்கு வரும் அம்மாமார் பலர் ஒரே விடயத்தையே கேட்கிறார்கள். "பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பலாமா? எவ்வளவு காசு போகும்? ஆரை நம்பலாம்?" முன்பெல்லாம் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போவதைப் பற்றித்தான் இப்படிக் கேட்பார்கள். இப்போது அதே கேள்வி 'ஸ்டூடண்ட் வீசா' என்ற பெயரில் வருகிறது. உலகத்தில் இந்த மாணவர்களை எப்படி எண்ணுகிறார்கள் என்று முதலில் கொஞ்சம் படித்துவிட்டு, அந்தக் கேள்வியை ஓர் ஊரில் வைத்துக் கேட்டுப் பார்ப்போம் என்று கொப்பியுடன் புறப்பட்டேன்.

படித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். யுனெஸ்கோவின் புள்ளிவிபரப் பிரிவு, படிப்பதற்காக ஒரு நாட்டு எல்லையைக் கடந்து, தன் நாட்டுக்கு வெளியே ஒரு கல்வி நிறுவனத்தில் பதிந்தவரை சர்வதேச மாணவர் என்று எண்ணுகிறது. 2000ஆம் ஆண்டில் உலகில் இப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். 2020இல் 60 இலட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அமெரிக்காவில் இந்தக் கணக்கை எடுக்கும் நிறுவனம் முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் அது வெளியிடும் அறிக்கைக்கு 'ஓப்பன் டோர்ஸ்', அதாவது திறந்த கதவுகள் என்று பெயர். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள் என்றும், முதலிடத்தில் சீனாவைத் தாண்டி இந்தியா வந்துவிட்டது என்றும் அந்த அறிக்கை சொன்னது. இந்தியாவிலும் 'அகில இந்திய உயர்கல்வி ஆய்வு' என்று ஒன்று நடக்கிறது. அதன்படி 2021-22இல் அங்கே படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். அவர்களில் நேபாளத்தவரே அதிகம்.

இவ்வளவும் கொப்பியில் இருந்தது. மூதூரில் பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்தேன். கட்டைபறிச்சானுக்குள் நுழையும் முன் பாலம் ஒன்று வரும். பாலத்தடியில் இரண்டு பேர் வலையோடு நின்றார்கள். சேற்று நிறத் தண்ணீர், கரையில் கண்டல். போர்நிறுத்தக் காலத்தில் இந்தப் பக்கம் இராணுவக் கட்டுப்பாடு, அந்தப் பக்கம் புலிகளின் கட்டுப்பாடு என்று பிரிந்து கிடந்த பகுதி இது. அப்போது இவ்வழியால் போனவர்கள் அடையாள அட்டையையும் பையையும் எத்தனை தரம் திறந்து காட்டியிருப்பார்கள் என்பதை அவர்களே அறிவார்கள். இன்று மறிப்பார் இல்லை. மாடுகள்தான் பாலத்தை மறித்து நின்றன.

ஊர் வயலும் வீடுமாக இருக்கிறது. தென்னை, பனை, வேலியோரம் முருங்கை. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டு வீச்சு தொடங்கியதும், ஓகஸ்டில் மூதூர்ச் சண்டையும் இங்குள்ளவர்களை வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று ஓட வைத்தன. பிறகு திரும்பி வந்தபோது சம்பூர் மக்களுக்குத் தங்கள் ஊருக்குப் போக அனுமதி இல்லை. அது உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடங்களிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2015இலும் 2016இலும் காணிகள் விடப்பட்ட பின்னரே வீடு திரும்பினார்கள். முதலாம் வகுப்பில் முகாமுக்கு வந்த பிள்ளை சாதாரண தரத்துக்கு ஆயத்தமாகும் வயதில் வெளியே போனது என்றால் அந்தக் காலத்தின் நீளம் விளங்கும்.

ஒரு சகோதரியின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். தேத்தண்ணி வந்தது. நான் கொப்பியைத் திறந்து, "இந்தப் பக்கத்தில் வெளிநாட்டில் படித்தவர்கள், படிக்கிறவர்கள் ஆராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"அப்பிடி ஒருத்தருமில்லை" என்றார்கள். ஒருவர், "சவூதியில வேலை செய்யிற ஆக்கள் வேணுமெண்டால் எழுதுங்கோ, பக்கம் நிறைஞ்சிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் தலையை உயர்த்தி, "ஏன் பிள்ளை இல்லையெண்டுறியள்? என்ர தங்கச்சிட பிள்ளையள் இந்தியாவில படிச்சதுகள்தானே? இந்தா இருக்கிறாளே, இவளும் அங்கதானே படிச்சவள்" என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினார்.

அந்தப் பெண் உடனே, "அது அகதியா இருந்து படிச்சது ஆச்சி. அது வெளிநாட்டுப் படிப்பில்லை" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. எல்லையைக் கடந்திருக்கிறார், தன் நாட்டுக்கு வெளியே படித்திருக்கிறார். ஆனால் அவரே அதை அப்படி எண்ணவில்லை. உலகத்துக் கணக்கிலும் அவருக்கு இடம் தெளிவாக இல்லை. குடியுரிமையைப் பார்த்து எண்ணும் நாடுகளில் அவர் வெளிநாட்டவர். முந்திய பள்ளிப் படிப்பை எந்த நாட்டில் முடித்தார் என்று பார்த்து எண்ணும் நாடுகளில், தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த காரணத்தால், அவர் உள்நாட்டுப் பிள்ளை. யுனெஸ்கோ சொல்லும் 'படிப்பதற்காக' என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் அதிலும் அவர் இல்லை. அவர் எல்லையைக் கடந்தது படிக்க அல்ல, உயிரைக் காக்க. படிப்பு பிறகு வந்தது.

தமிழர்கள் படிக்கக் கடல் கடப்பது புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அதன் முதற் பட்டதாரிகளாக வந்தவர்கள் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும்தான். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்த பின் வசதியுள்ள பல குடும்பங்கள் பிள்ளைகளை இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் அனுப்பின. அந்தக் கதைகள் பெரும்பாலும் யாழ்ப்பாணக் கதைகள். அவற்றில் காணியும் உத்தியோகமும் இருக்கும். கொட்டியாரப் பற்றின் கதை வேறு. இங்கிருந்து போனவர்கள் 1990இலும், பின்னர் 2006இலும், மன்னார்க் கரையால் படகேறி இராமேசுவரம் பக்கம் இறங்கியவர்கள். 2006இல் அப்படி இறங்கியவர்களில் திருகோணமலை மாவட்டத்தவர் கணிசமானோர். மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் உள்ள முகாம்களுக்குப் பிரிக்கப்பட்டார்கள்.

அந்தப் பெண் சொன்ன கதையை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2006இல் பத்து வயதில் தாயோடு போனவர். முகாமில் ஒரே அறை, நடுவில் சேலை கட்டிய மறைப்பு. பக்கத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே பிள்ளைகள் இவருடைய பேச்சைக் கேட்டுச் சிரித்ததால் மூன்று மாதம் வாய் திறக்கவில்லையாம். பிறகு பழகிப் போய், "நானும் அவையளைப் போலவே கதைக்கத் தொடங்கிட்டன், இப்ப இங்க வந்தா இங்க சிரிக்கினம்" என்றார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல புள்ளி எடுத்து, ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் பட்டம் முடித்தார். கட்டணத்தில் ஒரு பகுதியைத் தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்தது. மீதியைத் தாய் கட்டட வேலைக்குப் போய்க் கட்டினார்.

இவருக்குக் கல்லூரிக் கதவு திறந்திருந்ததற்குப் பின்னால் ஒரு நீண்ட போராட்டம் உண்டு. 1980களில் தமிழ்நாட்டில் ஈழ அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிகளில் இடம் கொடுத்தார்கள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் அந்தக் கதவு மூடப்பட்டது. யாரோ செய்ததற்குப் பிள்ளைகளின் கொப்பியைப் பறித்தார்கள். 1996இல் ஆட்சி மாறிய பின்னரே கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் படிக்கும் வயதைக் கடந்துபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த அறிக்கையிலும் நான் காணவில்லை. எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தக் காலம் முழுவதும் மாலை வகுப்பு, கல்லூரி அனுமதி, பிறப்புப் பதிவு என்று பிள்ளைகளின் படிப்போடு நின்றது. முகாம்வாசிகளே ஆசிரியர்களாக இருந்து நடத்திய மாலை வகுப்புகள் அவை. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, மாணவர் உதவித்தொகையையும் உயர்த்தியது.

உலக அளவில் பார்த்தால் அகதிகளின் உயர்கல்வி மிகப் பின்தங்கியது. 2019இல் உலக அகதி இளைஞர்களில் 100 பேருக்கு 3 பேரே பல்கலைக்கழகப் படிப்பில் இருந்தார்கள் என்று அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனம் சொன்னது. 2030இல் அதை 15 ஆக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அப்படிப் பார்க்கும்போது முகாமின் ஒற்றை அறையிலிருந்து பட்டம் எடுத்த இந்தப் பெண்கள் செய்தது சிறிய காரியம் அல்ல. "அது வெளிநாட்டுப் படிப்பில்லை" என்று அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, சொல்லியும் விட்டேன்.

ஆனால் திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது? இதுதான் அவருடைய கதையில் எனக்கு மிகவும் வலித்த பகுதி. ஊருக்கு வந்ததும் அடையாள அட்டைக்கு அலைந்தார். தமிழ்நாட்டில் பிறந்த தம்பிக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவே இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பெற்றோர் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். பிந்தினால் தண்டப்பணம் கட்டிப் பதியலாம். அது யாருக்குத் தெரியும்? பட்டச் சான்றிதழைக் கொண்டுபோன ஓர் அலுவலகத்தில், "இது இங்கே செல்லாது" என்று ஒரு சொல்லில் அனுப்பிவிட்டார்கள். அவரும் நம்பிச் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இப்போது மூதூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார்.

சகோதரிகளே, இந்தியாவிலிருந்து திரும்பி வந்த பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆகவே இதைக் கவனமாக வாசியுங்கள். வெளிநாட்டுப் பட்டம் 'செல்லுமா செல்லாதா' என்று ஒரு அலுவலகத்து மேசையில் வாய்ச்சொல்லால் முடிவு செய்ய முடியாது. கொழும்பில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பட்டம் தந்த பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ இருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் கடிதம் தரும். தமிழ்நாட்டின் அரசு பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இவற்றில் இருப்பவைதான். கல்லூரியின் பெயரை அல்ல, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு வந்த பிள்ளைக்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டில் பரீட்சை எழுதியவர்களுக்கென்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஒரு சிறு ஒதுக்கீடு உண்டு. அது ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலிலேயே இருக்கிறது. இதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னபோது, "கடிதம் எடுக்கலாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா" என்றார். குரலில் கோபம் கூட இல்லை.

தாழ்வாரத்தில் இருந்த இன்னொருவர் அதுவரை ஒன்றும் பேசவில்லை. சம்பூரைச் சேர்ந்தவர், தாயைப் பார்க்க இங்கே வந்திருந்தார். 2006இல் கணவர் காணாமற்போனவர். ஒரே மகள். உயர்தரத்தில் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. மற்றவர்கள் எழுந்து போன பிறகு அவர் மெல்ல ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

உள்ளே இங்கிலாந்தின் ஒரு கல்லூரியிலிருந்து வந்ததாகச் சொல்லும் ஆங்கிலக் கடிதம். முகவர் ஒருவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். "அனுமதி கிடைச்சிட்டுது, இனி காசுதான்" என்று சொன்னாராம். முற்பணமாகப் பெருந்தொகை கேட்டிருக்கிறார். அதற்குக் காணி உறுதியை ஈடு வைக்கலாம், ஆளும் தானே பிடித்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஒன்பது வருடம் முகாமில் கிடந்து மீட்ட காணி அது.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அது நிபந்தனையுடனான அனுமதிக் கடிதம். ஆங்கிலப் பரீட்சையில் இவ்வளவு புள்ளி எடுத்தால், கட்டணத்தில் இவ்வளவு கட்டினால், சேர்க்கலாம் என்பதுதான் அதில் இருந்தது. வீசாவுக்கு வேண்டியது வேறு கடிதம். மாணவரைச் சேர்க்க பிரித்தானிய அரசிடம் உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே அதைத் தர முடியும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்த அரசாங்கமே பகிரங்கமாக வெளியிடுகிறது. ஒரு பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், கையில் போன் இருந்தால் சரி.

பிறகு இருவருமாக இருந்து கணக்குப் போட்டோம். 2025 தொடக்கத்தில் இருந்த விதிப்படி, லண்டனுக்கு வெளியே படிக்கப் போகிறவர் மாதம் 1,136 பவுண் வீதம் ஒன்பது மாதச் செலவைக் கையில் காட்ட வேண்டும். மொத்தம் 10,224 பவுண், ஏறத்தாழ 40 இலட்சம் ரூபா. இது கல்விக் கட்டணத்துக்கு மேலதிகம். அந்தக் காசு தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருக்க வேண்டும். இந்த 28 நாளுக்காகத்தான் 'காட்டுக்காசு' வட்டிக்குக் கொடுக்கும் தொழிலே நடக்கிறது. பத்திரம் பொய்யென்று பிடிபட்டால் வீசா மறுப்பதோடு பத்து வருடம் அந்த நாட்டுக்குப் போகவும் தடை வரும். அப்போது முகவருக்கு ஒன்றும் இல்லை. தடை பிள்ளையின் பெயரில்தான் விழும்.

"போய் வேலை செய்து கட்டலாமெண்டு சொல்றார்" என்றார் தாய். அதையும் எழுதிப் பார்த்தோம். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் ஆகக் குறைந்த கூலி மணிக்கு 12.21 பவுண். கிழமைக்கு 244, மாதத்துக்கு ஏறக்குறைய 1,050 பவுண். அதாவது, சாப்பாட்டுக்கும் அறைக்கும் வேண்டும் என்று அந்த அரசாங்கமே சொல்லும் தொகையை விடவும் குறைவு. கல்விக் கட்டணம் எங்கிருந்து வரும்? காணியின் வட்டி எங்கிருந்து வரும்? கிழமைக் கடன் கட்டிப் பழகிய பெண்களுக்கு இந்தக் கணக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர் விரலை மடித்து எண்ணி, பேசாமல் இருந்தார்.

வெளிநாட்டுப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை போகட்டும். ஆனால் யார் காசில் போகிறாள் என்பதைப் பார்க்க வேண்டும். அந்த மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும், இந்தக் கட்டத்தில் வெளியே வந்து தூணோடு நின்றாள். அவளுக்குத்தான் மிகுதியைச் சொன்னேன்.

கொழும்பில் உள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் இலங்கை மாணவருக்கு ஆண்டுதோறும் புலமைப்பரிசில் தருகிறது. பட்டப்படிப்புக்கு நேரு நினைவுத் திட்டம், பட்டப்பின் படிப்புக்கு மௌலானா ஆசாத் திட்டம், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி திட்டம் என்று தனித்தனியே இருக்கின்றன. கட்டணம், மாதப் படி, தங்குமிடப் படி எல்லாம் அவர்களுடையது. இதற்கு முகவர் தேவையில்லை.

இன்னொன்று பங்களாதேசத்தில், சிட்டகொங் நகரில் உள்ள ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம். பெண்களுக்கு மட்டுமானது. 2008இல் ஆறு நாட்டுப் பிள்ளைகளோடு வகுப்புகளைத் தொடங்கியது. அந்த ஆறில் இலங்கையும் ஒன்று. வறிய குடும்பத்துப் பெண்களையும் போர் நடந்த நாடுகளின் பெண்களையும் தேடிச் சேர்ப்பது அதன் நோக்கம். பெரும்பாலானவர்கள் புலமைப்பரிசிலிலேயே படிக்கிறார்கள். ஆங்கிலம் போதாத பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புக்கு முன் ஆயத்த வகுப்பு உண்டு. உடுப்புத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களையும், ரோகிங்கியா அகதிப் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள். 2021 ஓகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆப்கான் மாணவிகள் ஏறக்குறைய 150 பேரை வெளியே கொண்டுவர அது பாடுபட்டது. இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை, "அங்க சிங்களப் பிள்ளையளும் வருவினமா?" என்று கேட்டாள். வருவார்கள் என்றேன். ஒரே விடுதியில்தான் இருக்க வேண்டிவரும் என்றேன். யோசித்துவிட்டு, "பரவாயில்லை, எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும்" என்றாள். முகாம் வாசலில் நின்ற கடற்படையினரிடம் கேட்டுப் பழகியதாம்.

தாய்க்கு அவ்வளவு தூரம் மனம் வரவில்லை. அவருக்காகப் பக்கத்தில் உள்ளதையும் சொன்னேன். நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சித்த மருத்துவப் பட்டமும் அங்கே உண்டு. அரச பல்கலைக்கழகம், கட்டணம் இல்லை. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் எடுத்து, மீதி 5 வீதத்தைக் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குத் தனியாக வைத்திருக்கிறார்கள். திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. கொஞ்சம் குறைந்த புள்ளிதான் என்றால், இன்னொரு தரம் பரீட்சை எழுதிப் பார்ப்பது காணியை ஈடு வைப்பதை விட மலிவானது. இது என்னுடைய அபிப்பிராயம். முடிவு தாயும் மகளும் எடுக்க வேண்டியது.

"கோணேசபுரியும் எனக்கு வெளிநாடு மாதிரித்தான்" என்றார் தாய். அதில் உண்மை இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் வளைகுடாவுக்கு அப்பால், நகரத்துக்கும் அப்பால். தினம் போய் வர முடியாது, விடுதியில்தான் விட வேண்டும். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு ஒரே மகளை அரை நாள் தூரத்தில் விடுவதும் ஆயிரம் மைல் தூரத்தில் விடுவதும் ஒரே மாதிரி அடிவயிற்றைப் பிசையும். இந்த விடயத்தைப் பற்றிப் புள்ளிவிபரம் எழுதுகிறவர்கள் எண்ணாத ஒன்று இது. போனவர் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். அனுப்ப முடியாமல் வாசலில் நின்ற தாய்மாரை எந்தப் பத்தியில் எழுதுவது?

இந்தியாவில் படித்த அந்தப் பெண் இதற்கிடையில் வீட்டுக்குப் போய்ச் சான்றிதழ்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இடையில் வேப்பிலை வைத்து, பூச்சி அரிக்காமல் வைத்திருந்தார். பட்டச் சான்றிதழில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரை தெளிவாக இருந்தது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் ஓர் எழுத்து வேறு மாதிரி. இங்கே முதலெழுத்தாகத் தகப்பன் பெயர் முன்னால், அங்கே பின்னால். முகாம் பதிவில் இன்னொரு விதம். மூன்று தாளிலும் மூன்று பேர் போல இருந்தார். கடிதத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இது மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும்.

சம்பூர்ப் பிள்ளை அந்தத் தாள்களைக் குனிந்து பார்த்து, தன்னுடைய பிறப்புச் சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்து சரியா என்று தாயைக் கேட்டாள். தாய்க்குத் தெரியவில்லை. முகாமில் இருந்தபோது எடுத்த பிரதி, வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறதாம். அடுத்த கிழமை மூதூர்ப் பிரதேச செயலகத்துக்கு மூவருமாகப் போவது என்று முடிவானது. இரண்டு பேருடைய அலுவலையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஓட்டோக் காசு மிச்சம். அடையாள அட்டைப் பிரதி இரண்டு, முத்திரை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்று நான் சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை என்னுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுதிக்கொண்டாள்.